இடது தோளில் ஒரு இஞ்ச்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

கையில் போன் இருக்கும்போது இவர் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்று சிரிப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ நாலு தடவை "சரி அத்தான்" சொல்லி, "கெஸ்ட் வந்துட்டாங்க" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன். தாள் பின்னால் தபாலில் வரும். அதோடு இன்னொரு பொருளும் வரும், அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். ஒன்பது நாளைக்கு முன்னால் காலை வேலைக்கு வரும்போது, நீ ரிசப்ஷனில் நிற்கிற விடுதியின் வாசலுக்கு எதிரே, ஆட்கள் கடப்பதற்கென்று போட்ட வெள்ளைக் கோட்டின் மேல் நீ நடந்துகொண்டிருந்தாய். ஒரு கார் வந்து இடித்தது. இடது தோள் தரையில் பட விழுந்தாய். கார்க்காரர் இறங்கி வருவதற்குள் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு, "பரவாயில்லை சார், நான்தான் கவனிக்கலை" என்றாய். பார்த்தால் அவர் உங்கள் விடுதியிலேயே தங்க வந்தவர். உடனே அவருடைய இரண்டு பெட்டிகளையும் நீயே தூக்கிக்கொண்டு போய் மூன்றாம் மாடியில் வைத்துவிட்டு வந்தாய். இடித்தவரின் பெட்டியை இடிபட்டவன் சுமந்த கதையை என் வாழ்நாளில் இப்போதுதான் கேட்கிறேன். சுண்டு விரலும் மோதிர விரலும் அவ்வப்போது மரத்துப் போகின்றன, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், அக்காவிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று முடித்தாய்.

நான் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம் ஒன்று இரண்டு வருடமாக என் நெஞ்சில் கிடக்கிறது.

நீ அங்கே போய்ச் சேர்ந்த மறு மாதம், உன் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறாள் என்று சொன்னோமே, அது பொய். அவளை ஒரு கார் இடித்தது. சேர்ந்த புதிதில் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று மறைத்தோம். அவள் மறைத்தது உனக்காக. நான் மறைத்தது பாதி எனக்காக. அன்று நான் செய்த காரியம் உனக்குத் தெரிந்தால் நீ என்னை மதிக்கமாட்டாய் என்று பயந்தேன். இப்போது நீயே அதைச் செய்துவிட்டு வந்து நிற்கிறாய், இனி எனக்கென்ன வெட்கம்.

உன் அக்காவின் தையல் கூடம் உனக்குத் தெரியும். பதினான்கு மெஷின், நடுவில் நீள மேசை, அந்த மேசைக்கு அவள்தான் ராணி. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற சீருடை மொத்தமும் அவள் கையால் வெட்டினால்தான் உண்டு. நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாக வைத்து வெட்டுவாள், மேல் துண்டுக்கும் அடித் துண்டுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. அன்று காலை ஒன்பதரை மணிக்கு அந்தக் கூடத்துக்குத்தான் நடந்து போய்க்கொண்டிருந்தாள். மருந்துக்கடைக்கு முன்னால் வெள்ளைக் கோட்டில் பாதி தூரம் கடந்துவிட்டாள். ஒரு சாம்பல் நிறக் கார், ஓட்டியவர் காதில் போன். இடுப்பில் இடித்தது. வலது கையை ஊன்றி விழுந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. மருந்துக்கடைப் பெண் சொல்லிக் கேட்டது. அவள் இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் அலுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா எழுந்திருக்கவே இல்லையாம். நம் ஜனங்கள் உதவி செய்ய ஆரம்பித்தால் ஆளை உயிரோடு விடமாட்டார்களே, ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்திருக்கிறார், ஒருவர் காலைப் பிடித்திருக்கிறார். "யாரும் என்னைத் தொடாதீங்க, எங்க உடைஞ்சிருக்குன்னு எனக்கே தெரியலை" என்று படுத்தபடியே அதட்டினாளாம். அப்புறம் கால் விரல் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாளாம், பிறகு கை விரல். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. யாரோ தண்ணீர் நீட்டியதற்கு, "ஆப்பரேஷன்னா வெறும் வயிறு கேப்பாங்க, வேண்டாம்" என்றாளாம். விழுந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை மாப்பிள்ளை. எனக்கு அந்த நிலைமையில் என் பெயரே மறந்திருக்கும்.

பின்னால் வந்து நின்ற பஸ் டிரைவரைக் கூப்பிட்டு, தன் மேல் வேறு வண்டி ஏறாதபடி பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தச் சொன்னாள். மருந்துக்கடைப் பெண்ணிடம் ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் போன் போடச் சொன்னாள். கார்க்காரர் இதற்குள் வண்டியை ஓரம் கட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்றவர்களும் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியை எடுக்கச் சொல்கிறார்கள். உன் அக்கா, "எடுக்கலாம், ஒரு நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற நீலச் சாக்பீஸை எடுத்துத் தரச் சொன்னாள். மருந்துக்கடைப் பெண்ணை விட்டு நாலு சக்கரத்தையும் சுற்றிக் கோடு போட வைத்தாள். தன் செருப்பு கழன்று கிடந்த இடத்தைச் சுற்றியும் ஒரு கோடு. தன் இடுப்பைச் சுற்றியும் ஒரு கோடு. எல்லாவற்றையும் படம் எடுக்கச் சொல்லி, வண்டி நம்பர் தெளிவாகத் தெரிகிறதா என்று போனை வாங்கிப் பார்த்த பிறகுதான், "இப்ப எடுங்க" என்றாளாம். துணியை நகர்த்தும் முன்னால் அடையாளம் வைக்க வேண்டும், அது அவள் மேசைச் சட்டம். ரோட்டுக்கும் அதே சட்டம்தான்.

கார்க்காரரை அவள் திட்டவில்லை, அழவில்லை, தனக்கு ஒன்றும் இல்லை என்றும் சொல்லவில்லை. பேரும் போன் நம்பரும் மட்டும் கேட்டாள். பஸ் டிரைவர், மருந்துக்கடைப் பெண் இருவருடைய பெயரையும் ஒரு மருந்துக் கவரின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் உன் அத்தான் வந்து சேர்கிறான். நான் ரிசப்ஷனில் நிற்கிற விடுதியிலிருந்து கோட்டும் பெயர்ப்பட்டையுமாக ஓடி வந்தேன். ரோட்டில் நீலக் கோட்டுக்குள் என் மனைவி கிடக்கிறாள். பக்கத்தில் நல்ல உடையில் ஒரு மனிதர் முகம் சுளித்துக்கொண்டு நிற்கிறார். அந்தச் சுளித்த முகம் இருக்கிறதே, மேசைக்கு எதிரே இருபத்தாறு வருடமாக நான் பார்க்கிற முகம். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "மன்னிக்கணும் சார். உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு ரொம்ப வருந்துறோம்" என்றேன். அதோடு நிறுத்தினேனா, "இவங்க எப்பவுமே கொஞ்சம் வேகமா நடப்பாங்க சார்" என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

ஆமாம், நானேதான். ஊரில் என்னை எனக்குப் பின்னால் 'பரவாயில்லை சார்' என்று கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமே. அன்று அந்தப் பெயருக்கு முழுத் தகுதி பெற்றேன்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது உன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆம்புலன்சில் கதவைச் சாத்திய பிறகு, "இனிமே நீங்க வாயைத் திறந்தா நானே தையல் போட்டுடுவேன், இடது கையாலேயே" என்றாள். கூட வந்த நர்ஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு உடைந்திருக்கிறது என்று பார்த்ததும் கட்டுப் போட்டு அனுப்பத் தயாரானார்கள். இடுப்பில் அவளுக்கு வலியே இல்லை. ஆனாலும் "கார் இடிச்சது இடுப்புலதான் டாக்டர், வலிக்கலைங்கிறதுக்காக விட்டுடாதீங்க" என்று விடாமல் சொல்லிப் படம் எடுக்க வைத்தாள். இடுப்பு எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். ரோட்டிலேயே எழுந்து நடந்திருந்தால் அது விலகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்கு உன் அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்று தோன்றியது, கட்டிலில் காலுக்கு மேல் ஏதேதோ வைத்துக் கட்டியிருந்ததால் முடியவில்லை.

அன்று உடுத்தியிருந்த துணியை நான் துவைக்கப் போட எடுத்தேன். உன் அக்காவுக்குத் துணியில் ஒரு புள்ளி இருந்தாலும் பொறுக்காது. அவள் அதைப் பிடுங்கி, அப்படியே மடித்து ஒரு காகிதப் பையில் போட்டு வைத்தாள். இடுப்பு உயரத்தில் காரின் அழுக்கு பதிந்திருந்தது. அப்புறம் தன் அளவு நோட்டைக் கொண்டுவரச் சொன்னாள். மார்பு, தோள், கை நீளம் என்று கட்டம் போட்டிருக்குமே, அதே கட்டத்தில் தினமும் எங்கே வலிக்கிறது, என்ன செய்ய முடியவில்லை என்று இடது கையால் எழுதினாள். கோழி கிளறிய மாதிரி எழுத்து. "இன்று ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை" என்று மட்டும் பதினொரு நாள் எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை என்னால் இன்றைக்கும் முழுதாகப் படிக்க முடியாது.

ஐந்தாவது வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். உன் அக்கா ஊன்றுகோலோடு வந்தாள். கார்க்காரர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கோட்டுக்கு வெளியே திடீரென்று குறுக்கே வந்தார், அவர் கணவரே என்னிடம் மன்னிப்புக் கேட்டார், வேகமாக நடக்கிற பழக்கம் என்று அவரே ஒத்துக்கொண்டார் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அது அப்படியே பதிவானால் அவள் கைக்கான சிகிச்சைக்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். உன் அக்காவுக்கு அதைவிடப் பெரிய கோபம் வேறு. "நாப்பது அடுக்குத் துணியை நூல் பிசகாம வெட்டுறவ, ரோட்டைப் பாக்காம நடந்தான்னு காகிதத்துல எழுதுவாங்களா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா என்னைப் பார்த்து, இவர் சொல்வது நிஜமா என்று கேட்டார். கார்க்காரர் மறுபடியும் அதே சுளித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். நான் எப்படியோ பேசினேன். "நிஜம்தாம்மா, நான் மன்னிப்புக் கேட்டேன். வேகமா நடப்பாங்கன்னும் சொன்னேன். ஆனா இடிச்சப்போ நான் அங்க இல்லவே இல்லை. குழாயில வெந்நீர் வரலைன்னு யாராவது சொன்னா, குழாயைப் போய்ப் பாக்குறதுக்கு முன்னாடியே மன்னிப்புக் கேக்குறவன் நான். இருபத்தாறு வருஷமா அதான் என் வேலை. அன்னைக்கும் வேலைதான் பாத்தேன். என் மனைவி மேல தப்பு இல்லை. தப்பு இந்த சார் மேலதான்" என்றேன். முடித்ததும் கார்க்காரர் பக்கம் திரும்பி 'மன்னிக்கணும் சார்' என்பது வாய் வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினேன்.

இன்ஸ்பெக்டர் அம்மா எழுதுகிற பெண்ணைக் கூப்பிட்டு, நான் சொன்னதை ஒரு வரி விடாமல் எழுதச் சொன்னார். பிறகு மருந்துக்கடைப் பெண் எடுத்த படங்களை மேசையில் பரப்பினார். முன் சக்கரம் இரண்டும் வெள்ளைக் கோட்டின் மேல் நிற்கின்றன, சுற்றிலும் நீலக் கோடு. கார்க்காரர் முகத்திலிருந்த சுளிப்பு இறங்கிவிட்டது. வெளியே வந்து படியிறங்கும்போது உன் அக்கா, "பரவாயில்லையே, உங்களுக்கும் பேச வருதே" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான், நான் தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

கை இப்போது நன்றாக இருக்கிறது. முப்பது அடுக்கு வரை வெட்டுகிறாள். நாற்பது இன்னும் வரவில்லை, வரும் என்கிறாள்.

இவ்வளவும் எதற்கு எழுதினேன் என்றால், உன்னை இந்த ரிசப்ஷன் வேலைக்குக் கூட்டி வந்தவன் நான். முதலில் பரவாயில்லை என்று சொல், பிறகு என்ன பிரச்சினை என்று கேள் என்று முதல் நாளே உனக்குப் பழக்கிவிட்டவன் நான். அது மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தை மாப்பிள்ளை. ரோட்டில் விழுந்து கிடக்கும்போது மேசை எங்கே இருக்கிறது? உன் அக்கா தரையில் கிடந்துகொண்டு செய்ததில் பத்தில் ஒரு பங்கை நீ நின்றுகொண்டு செய்தால் போதும்.

நாளைக்குக் காலையில் வேலைக்குப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ. கார் இடித்தது, தோளில் விழுந்தேன், பிறகு பாரம் தூக்கினேன், விரல் மரத்துப் போகிறது என்று நாலையும் சொல். பெட்டி தூக்கியதைச் சொல்ல வெட்கப்பட்டு விட்டுவிடாதே. டாக்டர் முன்னால் மரியாதையாகச் சிரித்துக்கொண்டு உட்காராதே, வலித்தால் வலிக்கிறது என்று முகத்தில் தெரியட்டும். அங்கிருந்து நேராகப் போலீசுக்குப் போ. ஒன்பது நாள் ஆகிவிட்டதே என்று கேட்பார்கள், ஆமாம், பயந்துவிட்டேன் என்று சொல். இடித்தவர் பெயர் தெரியாதே என்று நீ சொல்ல முடியாது. அவர் பெயர், முகவரி, வண்டி நம்பர் எல்லாம் உன் கையெழுத்திலேயே உங்கள் தங்குவோர் பதிவேட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கச் சொல்லிப் போலீசிடம் சொல். வாசல் கேமராவும் உங்கள் விடுதியுடையதுதான். எங்கள் விடுதியில் பதினைந்து நாளில் பழைய படம் தானாக அழிந்துவிடும். உங்களுக்கு எத்தனை நாளோ, அழிக்காமல் எடுத்து வைக்கும்படி இன்றைக்கே மேனேஜரிடம் எழுதிக் கொடு. தங்க வந்தவர் மேல் புகாரா என்று அவர் முறைத்தால் முறைக்கட்டும். வேலை போய்விடும் என்று உனக்குப் பயம் இருக்கும், எனக்கும் உனக்காக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு விரல் இல்லாமல் அந்த வேலையை எப்படிச் செய்வாய்?

கடைசியாக, அந்தப் பொருள் விஷயம். நான் வாக்குத் தவறவில்லை, உன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை உங்கள் விடுதி ஆட்கள் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்த படத்தை நீ அனுப்பினாயே, அதை ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படத்தைப் பெரிதாக்கினாள். "இடது தோள் ஒரு இஞ்ச் இறங்கியிருக்கு. அது நான் தச்ச சட்டை, சட்டையில தப்பு இல்லை" என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு மறைக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் என்னை எதுவும் கேட்கவில்லை. நீயே சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து உன் போன் வரும்போதெல்லாம் மெஷினை நிறுத்திவிட்டு நிற்கிறாள்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும்போது வந்து, மேசையில் ஒரு நீலச் சாக்பீஸ் துண்டை வைத்தாள். அன்று மருந்துக்கடைப் பெண் திருப்பிக் கொடுத்த அதே துண்டு, இரண்டு வருடமாக அதை அவள் உபயோகிக்கவில்லை. "இதையும் உள்ள வச்சு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யாருக்கு எழுதுகிறேன் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

உன் தோள் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், உன் பத்து விரலும் நீ சொன்னபடி கேட்க வேண்டும், இதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உன் அக்காவுக்கு நீயே போன் செய். எடுத்ததும் அவள் எப்படிடா இருக்கே என்றுதான் கேட்பாள். உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நாம் இரண்டு பேரும் இத்தனை வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவளிடம் சொல்லாதே. வேறு எது வந்தாலும் சொல். அழுகை வந்தால் அழு.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அத்தான்